இருநூற்றுப் பதினைந்து நிமிடங்கள்

யான் யானின் வீட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு படிகள். லியன் பெய்-ச்சுன் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கொண்டுதான் ஏறுவாள். எண்ணினால் முழங்கால் வலி தெரியாது என்று ஒரு நினைப்பு. தைவானின் இந்தக் கீலுங் நகரில் பாதி வீடுகள் இப்படி மலையில் தொற்றிக்கொண்டிருப்பவை. மீதி துறைமுகத்தை ஒட்டி. இரண்டின் மேலும் மழை.

அன்று செவ்வாய்க்கிழமை. மூன்று வாரமாக யான் யான் எந்தப் பயிற்சிக்கும் வரவில்லை. மருத்துவமனையிலிருந்து ஒரு ஃபோன் வந்திருந்தது, பேச்சுப் பயிற்சி நிலையத்திலிருந்து இரண்டு. "என்ன லியன் அக்கா, உங்க பையனக் காணோம்?" அவர்களுக்கு எல்லாக் குழந்தைகளும் லியனின் பையன்தான், பெண்தான். வளர்ச்சியில் கொஞ்சம் பின்தங்கிய சின்னக் குழந்தைகளை யாரிடம் அனுப்ப வேண்டும் என்று பார்த்து அனுப்பிவைத்து, அந்த யாரெல்லாமோ சொல்வதை ஒரே கோப்பில் சேர்ப்பது அவள் வேலை. கையில் முப்பத்தெட்டுக் குழந்தைகள். யான் யானுக்கு மூன்று வயது இரண்டு மாதம். உடம்பு கொஞ்சம் தளர்வு, விரல்களில் பிடிப்பு போதாது, பேச்சு இன்னும் வரவில்லை.

கதவைத் திறந்த அம்மா பான் ஜு-லிங்கின் மேல் வெங்காயத்தாள் வாசனையும் முட்டை வாசனையும் அடித்தன. காலை ஐந்து மணியிலிருந்து பகல்வரை அவள் ஒரு சிற்றுண்டிக் கடையில் தோசைக்கல் முன்னால் நிற்பவள். கணவன் துறைமுகத்தில் இழுவைப் படகில். பையன் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து ஒரு பாத்திர மூடியைச் சுழலவிட்டுக்கொண்டிருந்தான். லியனை ஒரு தடவை பார்த்தான். மூடிதான் சுவாரசியம் என்று முடிவு செய்தான்.

ஜு-லிங் கொய்யாத் துண்டுகள் போட்ட தட்டை நகர்த்தினாள். பக்கத்தில் ஒரு தாளையும் வைத்தாள்.

"மொதல்ல கொய்யா சாப்பிடுங்க அக்கா. அப்புறம் இதப் பாருங்க."

சேவையை முடித்துக்கொள்ளச் சம்மதம் என்ற படிவம். முதல் நாள் லியன் கொடுத்த கோப்பில் கடைசித் தாள் அது. யாரும் அதுவரை புரட்டிப் போவதில்லை. ஜு-லிங் போயிருக்கிறாள். பெயர் எழுதி, கையெழுத்துக்குச் சமமான தன் சிவப்பு முத்திரையையும் குத்தியிருந்தாள். நேராக, மை கசியாமல்.

"யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா?"

"இல்ல அக்கா. எல்லாரும் நல்லவங்க. அதான் கஷ்டம். ஒருத்தராவது கெட்டவங்களா இருந்தா அவங்க பேப்பர மட்டும் எடுத்துருப்பேன்."

பேப்பர் என்று அவள் சொன்னது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருந்தது. கதவே தெரியவில்லை. காந்தத் துண்டுகளில் ஐந்து தாள்கள். பிசியோ பயிற்சியாளர் ஹூ எழுதியது: படி ஏறி இறங்குவது பத்து முறை, பந்தின் மேல் உட்காருவது, நாற்பது நிமிடம். பேச்சுப் பயிற்சியாளர் ஜோங் எழுதியது: பட அட்டை, கண்ணாடி முன்னால் வாய் அசைப்பது, நாற்பத்தைந்து நிமிடம். கைப் பயிற்சிக்கான வென் எழுதியது: களிமண், துணிக் கவ்வி, மணி கோத்தல், ஐம்பது. பாலர் பள்ளியின் கு டீச்சர் எழுதியது: தானே சாப்பிட விடுவது, கதைப் புத்தகம், அறுபத்தைந்து. ஐந்தாவதைப் பார்த்ததும் லியன் கொய்யாவை மெல்லுவதை நிறுத்தினாள். அது அவளுடையது. மேலே சொன்ன நான்கும் செய்தாயிற்றா என்று தினமும் குறிக்கும் அட்டவணை. பதினைந்து நிமிடம்.

அட்டவணையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு.

"ஞாயித்துக்கெழம மொத்தமா போட்டுருவேன்" என்றாள் ஜு-லிங். குரலில் வெட்கம் இருந்தது, ஆனால் அதிகம் இல்லை. "நீங்க பாத்துட்டு ரொம்ப நல்லாருக்குன்னு எழுதுவீங்க. அத ஹூ சார் கிட்டயும் காட்டுவீங்க. அவரு இன்னும் ரெண்டு சேத்துக் குடுப்பாரு."

லியன் கைபேசியை எடுத்துக் கூட்டினாள். இருநூற்றுப் பதினைந்து நிமிடம். பையன் பள்ளியிலிருந்து வந்து இந்தப் படிகள் ஏறி வீட்டுக்குள் நுழையும்போது மணி ஐந்து. தூங்கப் போவது எட்டரைக்கு. இடையில் இருநூற்றுப் பத்து.

"குளிக்காமயே அஞ்சு நிமிஷம் பத்தல" என்றாள் லியன்.

"நான் கணக்குப் போட்டதில்ல. ஆனா பத்தாதுன்னு தெரியும்."

லியன் அதற்கப்புறம் சொன்னவை எல்லாம் ஜு-லிங்குக்குத் தெரிந்தவைதான். இப்போது முடித்துக்கொண்டால் எல்லா இடமும் வேறு குழந்தைக்குப் போய்விடும். திரும்பி வந்தால் எட்டு மாதம் வரிசை. மூன்று வயதில் செய்வதை நாலு வயதில் செய்தால் இரட்டிப்பு வேலை.

"தெரியும் அக்கா" என்றாள் ஜு-லிங். "ஆனா இப்பல்லாம் அவன் என்னப் பாத்தாலே கைய நீட்டறான். மணி கோக்கறதுக்கு. நான் வெறும தூக்கிக்கத்தான் போயிருப்பேன்."

மேஜைக்கு அடியில் மூடி சுற்றி விழுந்தது.

படிவங்கள் மாதக் கடைசியில் அலுவலகத்தில் சேர வேண்டும். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. லியன் தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பைக்குள் வைத்தாள்.

"வெள்ளி வரைக்கும் இது என் பையில தூங்கட்டும். சரியா?"

"தூங்கட்டும். எழுந்தா நான் பொறுப்பில்ல."

லியனுக்கு நாற்பத்தெட்டு வயது. இருபத்திரண்டிலிருந்து முப்பத்தொன்பதுவரை அவள் கையில் மஞ்சள் கொடி இருந்தது. ஜப்பானுக்குச் சுற்றுலாக் கூட்டங்களை அழைத்துப் போகிறவள். ஐந்து நாளில் ஒன்பது கோயில், இரண்டு வெந்நீர் ஊற்று, ஒரு எரிமலை. பேருந்தில் ஏறிய தலைகளை ஒரே பார்வையில் எண்ணிவிடுவாள். இன்னொரு கோயில் வேண்டும் என்பவரையும், போதும், கடைக்குப் போகலாம் என்பவரையும் ஒரே பேருந்தில் சண்டையில்லாமல் உட்காரவைப்பாள். நிறுவனம் மூடியபோது, இன்னொரு சுற்றுலா நிறுவனத்துக்குப் போகாமல், மாலைக் கல்லூரியில் சமூகப்பணி படிக்க உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் பத்தொன்பது வயதுப் பெண். ஏன் இதற்கு வந்தீர்கள் என்று அந்தப் பெண் கேட்டபோது, "இங்க பயணிங்க குள்ளமா இருப்பாங்க" என்றாளாம்.

இப்போதும் சாலையைக் கடக்கும்போது கையை உயர்த்துகிறாள் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். பின்னால் வருபவர்கள், முன்பின் தெரியாதவர்கள்கூட, அவளைத் தொடர்ந்துதான் கடப்பார்கள். கணவன் சுங்க அலுவலகத்தில். அவன் வீட்டில் பேசுவது குறைவு. அதை அவள் ஒரு குறையாகச் சொன்னதில்லை.

அவளுக்கு ஒரு பலவீனம் உண்டு. கட்டம் போட்ட தாள். எதையும் ஒரு அட்டவணைக்குள் வைத்துவிட்டால் அது நடந்துவிட்டது போல ஒரு நிம்மதி அவளுக்கு வரும். ஒவ்வொரு குழந்தையின் கோப்பிலும் நான்கு கட்டம். பிசியோ ஒன்றில் எழுதுவார், பேச்சு ஒன்றில், கை ஒன்றில், பள்ளி ஒன்றில். எழுதி முத்திரை வைத்து அடுத்தவருக்கு அனுப்புவார்கள். பக்கத்துக் கட்டத்தைப் படிப்பது அநாகரிகம் என்பது போல யாரும் படிப்பதில்லை. இதற்குக் கூட்டு மதிப்பீடு என்று பெயர். கட்டங்களுக்கு நடுவே கோடு போட்டவள் லியன். கோடு நேராக இருந்ததில் அவளுக்குப் பெருமையும் இருந்தது.

படிகளில் இறங்கும்போது அவள் எண்ண மறந்துவிட்டாள். ஒரு பயணிக்கு நான்கு வழிகாட்டிகள், நான்கு பேருந்து. ஐந்தாவதாக, எல்லாப் பேருந்திலும் ஏறினாயா என்று கேட்டுக் குறித்துக்கொள்ள ஒருத்தி.

கைபேசிக் குழுவில் ஒரு செய்தி போட்டாள்: யான் யான் விஷயமாக நால்வரும் நேரில் சந்திக்க வேண்டும், நாளைக்கே. நான்கு பேரும் குனிந்து வணங்கும் கரடிப் படம் அனுப்பினார்கள். நேரம் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். கு டீச்சருக்குக் குழந்தைகள் தூங்கும் நேரம் மட்டும்தான் ஒழியும், அப்போதும் தூங்கும் அறையை விட்டு நகர முடியாது. மற்ற மூவருக்கும் பகல் சாப்பாட்டு இடைவேளையை விட்டால் வேறு நேரம் இல்லை.

"அப்ப தூங்கற ரூம்லயே உக்காருவோம்" என்றாள் லியன்.

"சண்ட வந்தா?" என்றார் கு டீச்சர்.

"மெதுவா போடுவோம்."

புதன்கிழமை பகல் பன்னிரண்டு ஐம்பது. திரை இழுத்துவிட்ட அறையில் இருபது மெத்தைகள், இருபது குழந்தைகள். ஜன்னலோரம் மூன்றாவதில் யான் யான், வாய் திறந்தபடி. மூலையில் குழந்தைகளின் நாற்காலிகளில் ஐந்து பெரியவர்கள். ஹூ சார் எண்பத்தைந்து கிலோ. முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் நின்றன. வென் டீச்சர் எல்லோருக்கும் பால் தேநீர் வாங்கி வந்திருந்தார்.

"ஜவ்வரிசி போட்டது வேணாம்னு சொன்னேன்ல" என்று கு டீச்சர் கிசுகிசுத்தார். ஐம்பத்தாறு வயது. கிசுகிசுப்பிலும் அதட்டல் இருந்தது. "உறிஞ்சற சத்தத்துல ரெண்டு பேராவது எழுந்துருவாங்க."

"கடக்காரர் மாத்திக் குடுத்துட்டார் டீச்சர்."

"அப்ப பாக்கத்தான் முடியும். குடிக்க முடியாது."

லியன் ஐந்து தாள்களின் நகலையும் பாயில் பரப்பினாள். ஒவ்வொன்றின் மேலும் நிமிடங்களைச் சிவப்பில் எழுதியிருந்தாள். கடைசியில் 215. அதற்குக் கீழே 210. பிறகு அந்தப் படிவத்தை உறையோடு வைத்தாள். முத்திரையை நால்வரும் மாறி மாறிக் குனிந்து பார்த்தார்கள்.

"இவ்ளோ பேர் எழுதிக் குடுத்துருக்கீங்களா?" என்றாள் ஜோங் டீச்சர். இருபத்தேழு வயது, வேகமாகப் பேசுகிறவள். கிசுகிசுத்தபோது இன்னும் வேகம். "நான் மட்டுந்தான் குடுக்கறேன்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்டித்தான்" என்றார் வென்.

ஹூ சாருக்குக் கிசுகிசுக்க வராது. "படிய விட முடியாது" என்று அவர் தணித்த குரலில் சொன்னதே ஒரு மெத்தையில் ஒரு காலை அசைத்தது. கு டீச்சர் ஒரு பென்சிலையும் தாளையும் அவர் மடியில் வைத்தார். அதற்கப்புறம் ஹூ சார் தன் பக்கத்தை எழுதித்தான் காட்டினார். எழுத்து பெரிதாக இருந்தது. கோபம் வந்தால் இன்னும் பெரிதாகும்.

"மணி கோக்கறத ஒரு நாள் விட்டு ஒரு நாள் வச்சா என்ன?" என்றாள் ஜோங்.

"பட அட்டைய விட்டா என்ன?" என்றார் வென். "இந்த வயசுல எந்தக் கொழந்த அர மணி நேரம் அட்டையப் பாக்கும்?"

"பாத்துருக்கான்."

"கண்ண மூடிட்டா?"

ஹூ சார் எழுதியதைத் தூக்கிக் காட்டினார்: கால் இல்லாமல் பேச்சு எதற்கு.

"பேச்சில்லாம அந்தக் காலு எங்க போகுமாம்?" என்றாள் ஜோங்.

கு டீச்சர் இதில் கலந்துகொள்ளாமல் ஜோங்கின் தாளைக் கையில் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பக்கத்துக் கட்டம். அவர் புருவம் ஏறியது.

"கைய நீட்டிக் காட்டினா உடனே குடுக்கக் கூடாது, வாயத் தொறந்து சத்தம் வர வரைக்கும் காத்திருக்கணும்னு எழுதிருக்கீங்க."

"ஆமா டீச்சர்."

"நான் என் தாள்ல, கைய நீட்டினா உடனே புரிஞ்சுகிட்டுக் குடுங்க, அழ விடாதீங்கன்னு எழுதிருக்கேன்."

ஐந்து பேரும் லியனின் அட்டவணையைப் பார்த்தார்கள். இரண்டு வரிசையிலும் தினமும் குறி போட்டிருந்தது.

"ரெண்டையும் செஞ்சுட்டாங்க போலருக்கு" என்றார் வென்.

யாரோ சிரித்துவிட்டார்கள். யார் என்று தெரியவில்லை. கு டீச்சர் எல்லோரையும் முறைத்தார்.

லியன் தன்னுடைய அட்டவணையை எடுத்து நான்காக மடித்துப் பைக்குள் போட்டாள். "என் பதினஞ்சு நிமிஷம் போச்சு. இனி இருநூறு. அடுத்து யாரு?"

யாரும் இல்லை. தாங்கள் எழுதிக் கொடுத்தது தவறு என்று ஒருவரும் நினைக்கவில்லை. உண்மையில் ஒன்றும் தவறு இல்லை. அதுதான் சிக்கல். சரியான நாலு விஷயத்தில் எதை வெட்டுவது? ஒரு பேருந்தில் நாற்பது பேர் நாற்பது இடம் கேட்டால் லியன் ஒரு வேலை செய்வாள். எல்லோருக்கும் பிடித்தது கிடைக்கும் ஒரே சந்தில் இறக்கிவிட்டு, ஒரு மணி நேரத்தில் திரும்பச் சொல்வாள்.

"தனித்தனியா வேணாம்" என்றாள். "ஒரே எடம். எல்லாரும் ஒரே எடத்துல எறங்குவோம். வீட்டுல அவன் சொல்லாமயே செய்யறது, பிடிச்சுச் செய்யறது எது? அதுக்குள்ள நாம போவோம்."

நல்ல கேள்வி. நான்கு பேருக்கும் பதில் தெரியவில்லை. ஹூ சார் எழுதினார்: அம்மாவுக்குத் தெரியும். எழுதிவிட்டு, அவரே அதை ஒருமுறை படித்தார்.

அம்மாவையும் இந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. லியனுக்கும்தான். பதினேழு வருஷம் தலை எண்ணியவள்.

கைபேசியை ஒலி குறைத்து நடுவில் வைத்தார்கள். ஜு-லிங் கடையில் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுரண்டும் சத்தம் கேட்டது.

"யான் யான் அம்மா, லியன் பேசறேன். கூட எல்லாரும் இருக்கோம்."

"ஏன் அக்கா மெதுவாப் பேசறீங்க? அவனுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. தூங்கறான்."

"அப்ப எல்லாரும் ஏன் அவனச் சுத்தி உக்காந்துருக்கீங்க?"

இதைத் தெளிவாக்க மூன்று நிமிடம் ஆனது. பிறகு லியன் கேள்வியைக் கேட்டாள். சுரண்டும் சத்தம் நின்றது.

"குப்ப வண்டி" என்றாள் ஜு-லிங். "ஆறு நாப்பதுக்கு வருமில்ல, அந்தப் பாட்டு கேட்டாப் போதும், என்ன செஞ்சுட்டிருந்தாலும் விட்டுட்டுக் கதவுகிட்டப் போய் நிப்பான். ஆனா நான் கூட்டிட்டுப் போறதில்ல. பக்கத்து வீட்டுல விட்டுட்டு நான் மட்டும் ஓடிப்போய்ப் போட்டுட்டு வருவேன். அந்த நேரத்துல மணி கோக்கணுமே."

வென் டீச்சர் தன் தாளைப் பார்த்தார். மணி கோத்தல், மாலை ஆறரை முதல் ஏழு. நேரம் போட்டது அவர்தான்.

ஹூ சார் எழுதவில்லை, பேசிவிட்டார். "நூத்திப் பன்னெண்டு படி." அவர் முகம் தித்திப்புத் தின்றவன் மாதிரி ஆகிவிட்டது. கு டீச்சர் அவரை முறைக்கக்கூட மறந்தார்.

"பை முடிச்சு" என்றார் வென். "தூக்கறது, கை மாத்தறது, வீசறது."

"வரிசையில எத்தன பேர்! வணக்கம் சொல்லலாம், என்ன கொண்டாந்தேன்னு கேப்பாங்க" என்றாள் ஜோங்.

"செருப்புப் போடறது" என்றார் கு.

மகிழ்ச்சி அதிகமாகிவிட்டது. ஹூ சார் கைப்பிடியைத் தொடாமல் இறங்க வேண்டும் என்றார். ஜோங் ஒவ்வொரு பத்துப் படிக்கும் ஒரு சொல் என்றாள். வென் பையில் முந்நூறு கிராம், பிறகு ஐந்நூறு. லியன் கையை உயர்த்தினாள். கையில் கொடி இல்லை, ஆனால் அடங்கினார்கள்.

"மறுபடியும் நாலு பேப்பர் ஆயிடுச்சு" என்றாள். "எண்ணிக்க கெடையாது, நிமிஷம் கெடையாது. குப்ப போடப் போறான். அவ்ளோதான்."

"அப்ப நான் அறிக்கையில என்ன எழுதறது?" என்றாள் ஜோங்.

"குப்ப போட்டான்னு எழுதுங்க."

"எங்க மேலதிகாரி என்னப் போட்டுருவாங்க."

தூங்கும் நேரம் முடிய ஏழு நிமிடம் இருந்தது. அந்த ஏழு நிமிடத்தில் நால்வரும் தங்கள் தாளில் ஒரு கோடு போட்டு அடித்தார்கள். கு டீச்சர் கடைசி. கதைப் புத்தகத்தை மட்டும் விடமாட்டேன் என்றார். சரி, தூங்கும்போது அம்மா படித்தால் அது பயிற்சி இல்லை, தாலாட்டு என்று தீர்ப்பானது. லியன் புதுத் தாளில் ஒரே வரி எழுதினாள். மாலை ஆறு நாற்பது, குப்பை. கோடு போடாத தாள்.

ஃபோனில் ஜு-லிங்கிடம் அதைப் படித்துக் காட்டினாள். "நாளைக்குப் பாக்கறேன். ஆனா படிவத்தக் கிழிச்சுராதீங்க" என்றாள் ஜு-லிங்.

புதன்கிழமை வண்டி கிடையாது. வியாழக்கிழமை மாலை ஆறு இருபதுக்கு லியன் குடையோடு படிகளின் அடியில் போய் நின்றாள். அவள் மட்டும்தான் வருவதாக இருந்தது. ஸ்கூட்டர்களுக்குப் பின்னால் ஹூ சார் நின்றார். இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது என்றார். ஜோங் வந்தாள், அவளுக்கும் ஒரு வேலை இருந்தது. வென்னும் கு டீச்சரும் ஒரே பேருந்தில் இறங்கி, ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி வந்தார்கள்.

மேலே திருப்பத்தில் ஜு-லிங்கின் குடை தெரிந்தது. கீழே யான் யான், மஞ்சள் மழைக்கோட்டு, கையில் ஒரு குட்டிப் பை. பத்துப் படி இறங்கியவன் கீழே பார்த்தான். நாலு முகமும் தெரிந்த முகம். ஒன்று பந்து, ஒன்று அட்டை, ஒன்று மணி, ஒன்று பள்ளிக்கூடம். படியில் உட்கார்ந்துவிட்டான். பையை மடியில் வைத்து இரண்டு கையையும் முன்னால் நீட்டினான், கோக்கத் தயாராக.

ஜு-லிங் கீழே பார்த்தாள். லியனுக்குப் பைக்குள் இருந்த தாளின் கனம் தெரிந்தது.

"நாமதான்" என்றார் வென். "நாம நிக்கறதாலதான்."

"போலாம்" என்றாள் லியன். கையை உயர்த்தினாள். ஐந்து பேரும் சாலையைக் கடந்து எதிரில் இருந்த கடைக்குள் போய், கண்ணாடியை ஒட்டிய உயர நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கடைப் பையன் என்ன வேண்டும் என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்று ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மஞ்சள் கோட்டு எழுந்தது.

"கைப்பிடியப் பிடிக்கறான்" என்றார் ஹூ சார் வேதனையோடு. "ஒரு படிக்கு ரெண்டு காலையும் வைக்கறான்."

"பைய இந்தக் கைலருந்து அந்தக் கைக்கு மாத்திட்டான் பாத்தீங்களா?" என்றார் வென். "யாரும் சொல்லல."

"செருப்பு கால் மாறியிருக்கு" என்றார் கு டீச்சர். குரல் கனிந்திருந்தது. "தானே போட்டுருக்கான்."

படிக்கட்டில் ஒரு கிழவர் தன் பைகளோடு நின்று அவனிடம் ஏதோ கேட்டார். யான் யான் தன் பையைத் தூக்கிக் காட்டினான். கிழவர் தன்னுடையதைத் தூக்கிக் காட்டினார். ஜோங் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "பேசிட்டாங்க" என்றாள். "ரெண்டு பேரும் பேசிட்டாங்க."

பாட்டு கேட்டது. வண்டி வந்தது. சந்து முழுக்கக் கைகள், பைகள், செருப்புகள். ஒன்றரை நிமிடம். யான் யான் இன்னும் ஆறு படி மேலே இருந்தான். ஹூ சார் நாற்காலியிலிருந்து பாதி இறங்கிவிட்டார். கு டீச்சர் அவர் சட்டையைப் பிடித்தார். வண்டி நகர்ந்தது.

யான் யான் கத்தினான். சொல் ஒன்றும் இல்லை, வெறும் கத்தல். ஆனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது. வண்டியின் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த ஊழியர் திரும்பிப் பார்த்தார், தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். வண்டி நின்றது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு படி. ஊழியர் கையைக் கட்டிக்கொண்டு மழையில் காத்திருந்தார். ஜு-லிங் பையனைத் தூக்கவில்லை. அவன் போய் வீசினான். பை வண்டிக்கு ஒரு முழம் முன்னால் தரையில் விழுந்தது. எடுத்தான், மறுபடி வீசினான். உள்ளே போனது.

"கத்தினது கணக்குல வருமா?" என்றாள் ஜோங்.

"எந்தக் கட்டத்துல?" என்றார் வென்.

நனைந்துகொண்டு ஜு-லிங் கடைக்குள் வந்தாள். யான் யான் நான்கு பேரையும் பார்த்தான். இந்தத் தடவை அவர்களிடம் பந்தோ மணியோ இல்லை என்று சோதித்துவிட்டு, தேயிலையில் வெந்துகொண்டிருந்த முட்டைப் பானைக்கு நேராகக் கையை நீட்டினான்.

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்றாள் ஜு-லிங். "உடனே குடுக்கணுமா, காத்திருக்கணுமா?"

"கு டீச்சர் சொல்றபடி" என்றாள் ஜோங். "ஜோங் டீச்சர் சொல்றபடி" என்றார் கு. இரண்டும் சேர்ந்து வந்தன. இருவரும் மற்றவர் முதலில் பேசட்டும் என்று நிற்கையில் ஜு-லிங் முட்டையை எடுத்து உரித்து அவன் வாயில் பாதி வைத்தாள்.

"அக்கா" என்றாள் லியனிடம். "நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ் மாறணும். போக வர ரெண்டரை மணி நேரம், உள்ள முப்பது நிமிஷம். அது என்னால முடியாது. மத்தது பாக்கலாம்."

திங்கட்கிழமை ஹூ சாருடையது. எல்லோரும் அவரைப் பார்க்காமல் முட்டைப் பானையைப் பார்த்தார்கள். ஹூ சார் கண்ணாடிக்கு வெளியே படிகளைப் பார்த்தார்.

"நான் வரேன்" என்றார். "மாசத்துக்கு ஒரு தடவ. இங்க. ஸ்கூட்டர் பின்னால நின்னுக்கறேன்."

"ஆஸ்பத்திரியில அனுமதி தருவாங்களா சார்?" என்றாள் ஜோங்.

"தர மாட்டாங்க. லியன் அக்கா எழுதுவாங்க."

"எழுதறேன்" என்றாள் லியன். "இதுக்கு மட்டும் நல்லா எழுதுவேன்."

ஜு-லிங் படிவத்தைக் கேட்டாள். குத்திய முத்திரையை ரத்துசெய்ய வேண்டுமானால், கோடு போட்டு அடித்து, பக்கத்தில் மறுபடி முத்திரை வைத்து, காரணம் என்ற கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். முத்திரை வீட்டில் இருந்தது. லியன் மேலே பார்த்தாள். நால்வரும் ஒரே மனதாகப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றார்கள்.

படிகளின் பாதியில் யான் யான் உட்கார்ந்தான். ஜு-லிங் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "ஹூ சார் பாக்கல" என்றாள். லியனுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை.

வீட்டில் ஜு-லிங் கோடு போட்டாள், முத்திரை வைத்தாள். காரணத்துக்கு என்ன எழுதுவது என்று கேட்டாள். என்னவேண்டுமானாலும் எழுது, யாரும் படிக்கப்போவதில்லை என்றாள் லியன். ஜு-லிங் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். மடித்துக் கொடுத்தாள்.

லியன் அதைப் பேருந்தில் பிரித்தாள். சின்ன எழுத்தில், கட்டத்துக்கு வெளியே ஓடியிருந்தது. திங்கள் ஆஸ்பத்திரி கிடையாது. மற்றவை இருக்கட்டும். தாள் ஒன்றுக்கு மேல் போனால் மறுபடி முத்திரை வைப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள். தலைமை அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"இது காரணமா?"

"நிபந்தன" என்றாள் லியன்.

அவர் யோசித்தார். பெற்றோர் நிபந்தனைக்கென்று இதுவரை ஒரு படிவம் இல்லை, லியன் ஒன்று தயாரித்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார். ஒரு நொடி அவள் கண் முன்னால் கோடுகள் நேராக வந்து நின்றன.

"வேணாம் சார்" என்றாள்.